மே மாதக் கடைசியில் 212 ரூபாய்

காப்பீடு இல்லாத பெற்றோர் இறந்துபோனால் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கல்லூரிக் கட்டணத்தோடு நிறுத்திவிட்டீர்கள். கட்டணம் செமஸ்டருக்கு ஒருமுறைதான். எங்கள் வீட்டில் முதலில் கழுத்தைப் பிடித்தது வாடகையும் பால் கணக்கும்.

2019 அக்டோபரில் அப்பா மாரடைப்பில் போனார். லேத் பட்டறையில் வேலை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எதுவும் கிடையாது. நான் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. காரியம் முடிவதற்குள் அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது. கல்விக் கடனில் அப்பா போட்ட கையெழுத்தை அப்புறம் அம்மா போட வேண்டியதாயிற்று.

அப்பாவின் வங்கி பாஸ்புக்கைப் பதியவைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2017, 2018 இரண்டு வருடமும் மே மாதக் கடைசியில் 330 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான வருடச் சந்தா அது; ஆள் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. 2019-இல் அந்தப் பதிவைக் காணோம்; சந்தா போகாததால் காப்பீடும் இல்லை. அந்த வாரம் கணக்கில் இருந்தது 212 ரூபாய். வெறும் 118 ரூபாய் குறைச்சல்!

மாலையில் ஜெராக்ஸ் கடையில் நின்று எப்படியோ படித்து முடித்தேன், அதை விடுங்கள். இப்போது அந்தச் சந்தா 436 ரூபாய். 50 வயதுக்குள் சேர்ந்தால் 55 வரை தொடரலாம். பணம் தானாகப் பிடிப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாமல், மே மாதம் கணக்கில் இருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நான் வருடா வருடம் மே 25 வாக்கில் அம்மாவின் கணக்கில் ஆயிரம் ரூபாய் போட்டுவிடுகிறேன். "எதுக்குடா இவ்ளோ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.