பவர் பார்ப்பது கண் பரிசோதனை ஆகாது

என் அப்பா ஆறு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். மூன்று தடவையும் கண்ணாடிக் கடை மெஷினில் முகவாயை வைத்தார், ஒரு துண்டுச் சீட்டு வந்தது, பலகையில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தார், புதுக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தார். அப்புறம் ஒரு நாள் பக்கத்தில் இருந்த படி தெரியாமல் இடறி விழுந்தார். அதற்குப் பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். க்ளாக்கோமா, பார்வை நரம்பைக் கெடுக்கிற நோய். ஒரு கண்ணில் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர்.

கடைக்காரர் மேல் அன்றைக்கு எனக்குப் பயங்கரக் கோபம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கொடுத்த பவரில் தப்பே இல்லை. இந்த நோயின் குணமே அதுதான், நடுப்பார்வை கடைசிக் கட்டம் வரை நன்றாக இருக்கும். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிற ஒருவருக்கு உள்ளே பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கலாம். நரம்பைப் பார்க்க வேண்டும், கண் பிரஷரை அளக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்க வேண்டும். அந்த மெஷின் இதில் எதையும் செய்யாது. செய்ய வேண்டும் என்று அந்தக் கடைக்கு யாரும் சொல்லவும் இல்லை.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே மாறி, பவரும் கூடக்குறைய ஆகும். அந்த நேரத்தில் போனால் புதுக் கண்ணாடி கிடைக்கும், சர்க்கரை இருப்பது தெரியாமலே போகும். சின்னப் பிள்ளைகள் இன்னும் மோசம். மெஷினைப் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் குவிப்பார்கள், இல்லாத மைனஸ் பவர் வந்து நிற்கும். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு அந்தக் குவிப்பைத் தளர்த்திவிட்டுச் சோதிக்கிறார்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக வளர்கிற பிள்ளையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிக்காவிட்டால், பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தேறுவது கஷ்டம்.

அதனால் கண் சோதிப்பதை வெறும் வியாபாரமாக அரசு விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் 1989இல் வந்த விதிகளின்படி கண் சோதிக்கிறவர் பவரோடு நிறுத்த முடியாது. கண்ணின் வெளியேயும் உள்ளேயும் நோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், முடிந்த உடனே சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு விதி என் அப்பாவுக்கு முதல் தடவையே கிடைத்திருந்தால்!

சரி, சட்டம் என்று வந்தாலே எல்லாம் நல்லதா? இல்லை. அமெரிக்காவில் 1901இல் மினசோட்டா மாநிலம்தான் ஆப்டோமெட்ரிக்கு, அதாவது கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுக்கிற தொழிலுக்கு, முதல் சட்டம் போட்டது, 1924க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. ஆனால் ஓக்லஹோமாவில் ஒரு சட்டம், டாக்டரோ ஆப்டோமெட்ரிஸ்ட்டோ எழுதிக் கொடுக்காமல் பழைய லென்ஸை வேறு ஃபிரேமில் பொருத்தக்கூட, கண்ணாடி செய்து விற்கிற ஆப்டிசியனுக்கு அனுமதி இல்லை என்றது. 1955இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பல நேரங்களில் இது தேவையில்லாத வீண் கட்டுப்பாடாக இருக்கலாம் என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது, ஆனால் அதை எடைபோட வேண்டியது சட்டமன்றம் என்று சொல்லிச் சட்டத்தை நிற்கவிட்டது. உடைந்த கண்ணாடியோடு நிற்கிறவருக்கு இதனால் என்ன பாதுகாப்பு? அதே அமெரிக்காவில் 1978இல் வந்த விதி எவ்வளவோ மேல்: சோதித்த உடனே, கேட்காமலே, தனிக் காசு வாங்காமல் பவர் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். சீட்டு கையில் இருந்தால்தான் எங்கே கண்ணாடி வாங்குவது என்று நாம் முடிவு செய்ய முடியும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் சொட்டு மருந்து எழுதலாமா, லேசர் செய்யலாமா என்று கண் டாக்டர்களுக்கும் அவர்களுக்கும் நடக்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. அதே ஓக்லஹோமா 1998இல் சில லேசர் சிகிச்சைகளையே அவர்களுக்கு அனுமதித்தது, வேறு பல மாநிலங்கள் மாட்டேன் என்கின்றன. படிப்பும் கைப்பயிற்சியும் தேர்வும் எவ்வளவோ அவ்வளவு உரிமை கொடுக்கட்டும். எந்தச் சங்கம் பெரியது என்று பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

சட்டத்தை இறுக்கினால் ஏழைகளுக்குக் கண்ணாடியே கிடைக்காது என்று சிலர் சொல்வதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. வெறும் கண்ணாடி போட்டாலே சரியாகிவிடுகிறவர்கள் அதில் ஏராளம். அதனால் ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடி விற்பவரை விரட்ட வேண்டாம். ஆப்டோமெட்ரிஸ்ட்டுகளை நிறையப் பேராகப் படிக்க வைத்து, பதிவு செய்து, சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவதைக் கட்டாயக் கடமை ஆக்குங்கள். ‘கண் பரிசோதனை’ என்று பலகை மாட்டுகிற இடத்தில் கண்ணுக்குள் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பவர் மட்டும் பார்ப்பதென்றால் அதைப் பலகையிலேயே எழுதட்டும்.

ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு க்ளாக்கோமா இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு அதிகம் என்று அப்பாவின் டாக்டர் சொன்னதால் நானும் தம்பியும் போய்ப் பார்த்தோம். எனக்கு ஒன்றும் இல்லை. தம்பிக்கு இரண்டு கண்ணிலும் பிரஷர் கூடுதல், இப்போது சொட்டு மருந்து போடுகிறான். அவனும் பலகையைக் கடைசி வரி வரை படித்தவன்தான்.