அது மரவட்டைக் குட்டி அல்ல

ஏற்காட்டில் காபிச் செடிக்கு அடியில், கல்லைப் புரட்டியதும் உருண்டையாகச் சுருண்டதை மரவட்டைக் குட்டி என்று மேலே உள்ள பதிவில் படத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தில் உடல் வளையத்துக்கு ஒரு ஜோடியாக மொத்தம் 14 கால்கள்தான் தெரிகின்றன. மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி இருக்கும். இது ஐசோபாட் என்ற வகை உயிரி; நண்டுக்கும் இறாலுக்கும் உறவு.

வயிற்றில் வெள்ளையாகத் தெரிவதைப் புழுத்தொற்று என்றீர்களே, அது அனேகமாக முட்டைப்பை! கால்களின் அடியிலிருந்து வளரும் மெல்லிய தகடுகள் சேர்ந்து, நீர் நிறைந்த பையாகின்றன. இதன் மூதாதைகள் நீரை விட்டு நிலத்துக்கு வந்த பிறகும் குஞ்சுகளுக்கு ஒரு குட்டிக் குளத்தைத் தாய் சுமக்கிறது, எவ்வளவு அழகு! வெளியே வரும் குஞ்சுக்கு 12 கால்களே. கடைசி ஜோடி தோலுரித்த பிறகுதான் முளைக்கும். இந்தப் பையை வைத்துத்தான் ஆம்ஃபிபாட், மைசிட் முதலிய இறால் போன்ற சிற்றுயிர்களோடு இதையும் சேர்த்து, பெராகாரிடா என்ற ஒரே பிரிவாக வைக்கிறார்கள். அப்புறம், மருந்து அடிக்காதீர்கள். மக்கிய இலையைத் தின்று மண்ணாக்குவது இதுதான். கல்லை அப்படியே திருப்பி வையுங்கள், ஈரம் போனால் செத்துவிடும்.