முதுகில் பட்டால் என்ன குற்றம்?

ஞாயிறு இரவு நடந்த கூடைப்பந்து மேட்ச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாட்ஸப் குழுக்களில் "கோக்குமாக்கு வேலை", "சீட்டிங்" என்று ஓடுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் அணிப் பிள்ளை செய்தது சரியான த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தைக் களத்துக்குள் எறிவது. கூடைக்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோடான பேஸ்லைனுக்கு வெளியே பந்தோடு நிற்கிறாள். மறிக்க வேண்டிய டிஃபெண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறாள். அந்த முதுகில் மெதுவாகப் பந்தைப் போட்டு, கோட்டுக்குள் வந்து, திரும்பிய பந்தைப் பிடித்து, கூடைக்குப் பக்கத்திலிருந்தே எம்பி லே-அப் போட்டாள். உடனே விசில். கூடை செல்லாதாம், பந்து எதிரணிக்காம்.

சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் (FIBA) விதி 17-ஐ எடுத்துப் பாருங்கள். களத்துக்குள் வேறொரு ஆட்டக்காரர் மேல் படும் முன் எறிந்தவர் பந்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். அந்த வேறொருவர் சொந்த அணியாக இருக்க வேண்டும் என்று இல்லை. கையில்தான் பட வேண்டும் என்றும் இல்லை. முதுகில் பட்டது, அப்புறம்தான் தொட்டாள்.

"கால் வெளியே இருந்திருக்கும்" என்கிறார் ஒருவர். வெளியே நின்று தொட்டிருந்தால் தப்புதான், மறுபேச்சே இல்லை. ஆனால் வீடியோவில் இரண்டு காலும் உள்ளே இருக்கின்றன. நடுவரும் காலைப் பார்த்து ஊதவில்லை. எதிராளி மேல் வேண்டுமென்றே எறியக் கூடாது என்றுதான் காரணம் சொன்னார். முகத்தில் ஓங்கி அடித்திருந்தால் ஃபவுல் கொடுங்கள், நானே கைதட்டுகிறேன். இங்கே அந்த டிஃபெண்டரே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் சார்!

நான் காலேஜில் ஆடிய காலத்தில், த்ரோ-இன் பயிற்சியில் யாராவது முதுகு காட்டி நின்றால் எங்கள் பி.டி. சார் இதையேதான் செய்வார். முதுகில் ஒரு தட்டு, ஒரு லே-அப், அப்புறம் ஒன்றும் பேசாமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மறுநாளிலிருந்து ஒருத்தரும் முதுகு காட்டியதில்லை. நாங்கள் அதை டிஃபென்ஸ் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாவம்.

அதே மேட்ச்சில் கூடை விழுந்த பிறகு எதிரணிப் பெண் பந்தோடு பேஸ்லைன் நெடுக ஓடினாள். பந்தைத் தட்டாமல் ஓடுகிறாள் என்று கூட்டமே "டிராவல்" என்று கத்தியது. நடுவர் அசையவில்லை. அது சரியான முடிவு. எதிரி கூடை போட்ட பிறகு பந்தை எறியும் அணி அப்படி ஓடலாம், மற்ற த்ரோ-இன்களில்தான் பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்ற கணக்கு. ஆக, 17-ஆம் விதி அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிரணிக்குத் தேவையான பாதி நன்றாகவே தெரிகிறது.

"லோக்கல் டோர்னமெண்ட், அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பவர்களுக்கு: நோட்டீஸில் 'ஃபிபா விதிகளின்படி' என்று கொட்டை எழுத்தில் போட்டது யார்? எறிபவருக்கு 5 விநாடி என்று, கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் 1891-இல் எழுதிவைத்ததை மட்டும் கையை வீசி வீசி எண்ணினீர்களே, அதில் அட்ஜஸ்ட்மெண்ட் இல்லையா?

தோற்ற கடுப்பு என்பீர்கள். ஆமாம், இரண்டு பாயின்ட்டில் தோற்றால் கடுப்பு வராதா? ஆனால் டவுன் கிளப் பெண் இதைச் செய்திருந்தால் "என்ன ஐக்யூ!" என்று ஸ்டேட்டஸ் வைத்திருப்பீர்கள். இரவல் ஷூ போட்டு வந்த கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளை செய்ததால் கோக்குமாக்கு.

கமெண்ட்டில் "ஸ்போர்ட்டிவா எடுத்துக்கோங்க" என்று எழுத வருபவர்கள், முதலில் குழுவில் போட்ட மீமை அழியுங்கள். அம்மாவின் நம்பரில் அந்தப் பிள்ளையும் அதே குழுவில்தான் இருக்கிறாள்.