பிள்ளைய டான்ஸுக்கு விட முதல் நிலத்தைப் பாருங்கோ

பிள்ளைய பரதநாட்டியத்துக்குச் சேர்க்க யோசிக்கிற அம்மாமார் எனக்கு கோல் எடுத்தா கேக்கிற கேள்வியள் எல்லாம் எனக்குப் பாடம். எந்தப் பாணி, கிழமைக்கு எத்தின நாள், மாசக் காசு எவ்வளவு, வட இலங்கை சங்கீத சபை சோதினைக்கு விடுவீங்களா, எத்தின வருஷத்தில அரங்கேற்றம் செய்யலாம். எல்லாம் கேக்க வேண்டிய கேள்விதான், பிழை சொல்லேல்ல. ஆனா எங்கட பிள்ளை எந்த நிலத்தில நிண்டு ஆடப்போகுது எண்டு ஒரு ஆளும் கேட்டதில்ல. கொழும்பில இவ்வளவு டான்ஸ் கிளாஸ் இருந்தும் இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்காமல் இருக்கிறது எனக்குப் பெரிய கவலை, அதுதான் நீளமா எழுதுறன், பிள்ளை ஆடுற வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

வெள்ளவத்தையிலயிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எங்கட கிளாஸ் எல்லாம் எங்க நடக்குது எண்டு பாருங்கோ. ஃபிளட்டின்ட முன் ஹோல், வீட்டுக் கராஜ், மொட்டை மாடியில தகரம் போட்ட இடம், இல்லாட்டி வாடகைக்கு எடுக்கிற மண்டபம். எல்லா இடத்திலயும் கீழ கொங்கிரீட், அதுக்கு மேல டைல்ஸ். பாக்க வடிவா பளபளப்பா இருக்கும், கூட்டித் துடைக்கிறதும் சுகம். ஆனா கால் அடிக்கிறதுக்கு அதைவிட மோசமான நிலம் இல்ல.

பரதம் கால் அடிச்சு ஆடுற ஆட்டம். முதல் நாள் சொல்லிக் குடுக்கிறதே தட்டடவு எண்ட கால் தட்டுற அடிப்படை அசைவு, "தெய்யா தெய்" எண்டு உள்ளங்கால் முழுக்கப் படுற மாதிரி அடிக்க வேணும், சத்தம் கேக்காட்டி டீச்சர் திருப்பி அடி எண்டுதான் சொல்லுவா. முதலாம் காலத்தில, அதாவது ஆக மெதுவான வேகத்தில, ஒரு அடி விழுற நேரத்தில மூண்டாம் காலத்தில நாலு அடி விழும். இதை அரைமண்டியில இருந்து, முழங்கால் ரெண்டையும் வெளிப்பக்கம் திருப்பி மடிச்சு, வெறுங்காலோட செய்யுது பிள்ளை. பிறகு குதிக்கிற அடவுகள், முழுமண்டியில, அதாவது முழுசாக் குந்தி இருந்து, எழும்புறது. ஒவ்வொரு அடிக்கும் நிலம் திருப்பி அடிக்கும். அந்த அடியை ஆராவது வாங்கத்தானே வேணும், நிலம் வாங்காட்டி குதி, கணுக்கால், முன்னங்கால் எலும்பு, முழங்கால், நாரி எண்டு மேல ஏறி ஏறிப் போகும்.

ஐரோப்பாவில உள்ளக விளையாட்டு அரங்குகளின்ட நிலத்துக்கு ஈஎன் 14904 எண்டு ஒரு தரம் வச்சிருக்கினம். கொங்கிரீட்டை 0 எண்டு எடுத்து, அதோட பாக்கேக்க இந்த நிலம் அடியை எத்தின வீதம் குறைக்குது எண்டு அளப்பினம், ஆகக் குறைஞ்சது 25 வீதமாவது குறைக்க வேணும் எண்டது விதி. அது மொத்தமான அடி வச்ச சப்பாத்துப் போட்டு விளையாடுற ஆக்களுக்கு. எங்கட பத்து வயசுப் பிள்ளை வெறுங்காலோட அந்த 0-க்கு மேல நிண்டு ஆடுது.

என்னட்ட முந்தி வேற இடத்தில பழகிட்டு வந்த பிள்ளை ஒண்டு, கிளாஸ் முடிஞ்சு படியில இறங்கேக்க கைபிடியைப் பிடிச்சு ஒரு படியில ரெண்டு காலும் வச்சு வச்சு இறங்கிச்சுது. கூப்பிட்டு இருத்தி முன்னங்கால் எலும்பின்ட உள்கரையை விரலால மெதுவா அமத்திப் பாத்தன், கீழ் அரைவாசி முழுக்க நோகுது எண்டு கண்ணைச் சுருக்குது. எவ்வளவு நாளா எண்டு கேட்டா, "எப்பவும் அப்படித்தான் டீச்சர், அம்மா சித்தாலேப பூசி விடுவா" எண்டு சொல்லுது. நோகிறது டான்ஸ்ல ஒரு பகுதி எண்டு அந்தப் பிள்ளை நம்பி வளந்திருக்கு, எனக்கு அதுதான் தாங்கேலாமல் போச்சுது.

குதிக்கால் நோ எண்டு சொல்ற எட்டு வயசுக்கும் பதினாலு வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளையளில கனபேருக்கு இருக்கிறது, குதி எலும்பு வளர்ற பகுதியில திருப்பித் திருப்பி இழுவையும் அடியும் பட்டு வாற நோ, டொக்டர்மார் சீவர்ஸ் எண்டு சொல்லுவினம். முழங்கால் சிரட்டைக்குக் கீழ மேடு மாதிரி வீங்கி நோகிறதுக்கு ஒஸ்குட் ஷ்லாட்டர் எண்டு பேர். ரெண்டும் வளர்ற வயசில வாறது, பாரத்தைக் குறைச்சு ஓய்வு குடுத்தா பெரும்பாலும் மாறும். ஆனா எலும்பில ஒரே ஒரு புள்ளியில நோகுது, இரவில சும்மா படுத்திருக்கேக்கயும் நோகுது எண்டா எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காதேங்கோ, எலும்பில மயிரிழை வெடிப்பாயும் இருக்கலாம், உடன டொக்டரிட்ட காட்டுங்கோ.

எல்லாத்துக்கும் நிலம்தான் காரணம் எண்டு நான் சொல்லேல்ல. சோதினை வருது, அரங்கேற்றம் வருது எண்டு கிழமைக்கு ரெண்டு நாள் ஆடின பிள்ளைய திடீரெண்டு ஆறு நாள் ஆட விடுறதும் காரணம், இடுப்பிலயிருந்து திருப்பாமல் முழங்காலையும் பாதத்தையும் மட்டும் முறுக்கி அரைமண்டி இருக்கிறதும் காரணம். அதெல்லாம் டீச்சர்மார் நாங்கள் திருத்த வேண்டியது. ஆனா எவ்வளவு வடிவாத் திருத்தினாலும் கீழ கொங்கிரீட் கொங்கிரீட்டாத்தான் இருக்கும்.

இதைச் சொன்னா உடன வாற பதில், அந்தக் காலத்தில கோயில் கருங்கல்லில ஆடேல்லையா எண்டு. ஆடினவைதான். அதில முழங்கால் போய் பாதியில நிண்ட பொம்பிளையளின்ட கதையை ஆரும் எழுதி வச்சிருக்கினமா? கடைசி வரைக்கும் ஆடினவையை மட்டும்தான் நாங்கள் நினைச்சு வச்சிருக்கிறம். அதோட எங்கட நாட்டில ஆட்டம் எண்டா கன இடத்தில மண்ணிலதான். மட்டக்களப்பில வடமோடி, தென்மோடிக் கூத்துக்கு மண் போட்டு உயத்தி வட்டக்களரி கட்டி அதிலதான் ஆடுவினம். கண்டிய நடனக்காரரும் எங்கட அரைமண்டி மாதிரித்தான் மண்டிய எண்டு கால் மடிச்சு இருக்கினம், அவையின்ட கொஹொம்பா கங்காரிய சடங்கு மண் நிலத்தில மடுவம் எண்ட பந்தல் கட்டி நடக்கிறது. எங்கட ஊர் வீடுகளிலயும் சீமெந்து வர முதல் சாணி மெழுகின மண் நிலம்தானே. டைல்ஸில அடவு அடிக்கிறது எங்கட பாரம்பரியம் இல்ல, ஃபிளட் கட்டத் தொடங்கின பிறகு வந்த பழக்கம்.

சில இடங்களில கவலைப்பட்டு ஏதோ செய்யினம், ஆனா அது சரிவாறதில்ல. பொருத்திப் பொருத்தி விரிக்கிற ஸ்பொஞ்ச் மெட் போட்டா கால் புதையும், கணுக்கால் ஆடும், அடி சத்தமும் வராது. கார்ப்பெட் போட்டா சுத்தேக்க பாதம் பிடிபட்டு உடம்பு மட்டும் திரும்பும், அந்த முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும். கூட ஏமாத்துறது இந்த மர டிசைன் லெமினேட், போட்டோவில பாத்தா சினிமாவில வாற ஸ்டூடியோ மாதிரி இருக்கும், ஆனா கொங்கிரீட்டுக்கு மேல நேரா ஒட்டியிருந்தா அது கொங்கிரீட்தான். வினைல் ஷீட்டும் அப்படித்தான், மேல என்ன தெரியுது எண்டது விஷயமே இல்ல, அடியில என்ன இருக்குது எண்டதுதான் விஷயம்.

சரியான நிலம் எண்டா அடியில காத்து இடைவெளி இருக்க வேணும். தடிச்ச ரப்பர் அல்லது இறுக்கமான ஃபோம் துண்டுகளை ஒரு அடிக்கு ஒண்டு மாதிரி வச்சு, அதுக்கு மேல ரெண்டு அடுக்கு ப்ளைவுட், மேல் அடுக்கின்ட மூட்டு கீழ் மூட்டுக்கு நேர வராமல் மாத்திப் போட்டு ஸ்க்ரூ பண்ணுறது. சுவரோட முட்டாமல் அரை இஞ்சி விடுங்கோ, கொழும்பு ஈரப்பதத்துக்குப் பலகை ஊதும். நிலமாடியெண்டா ஈரம் ஏறாமலிருக்க அடியில பொலிதீன் விரிக்க வேணும், ப்ளைவுட்டும் தண்ணிக்குத் தாங்கிறதா, கறையானுக்கு மருந்தடிச்சதா வாங்குங்கோ. மேல தேச்சு மட் வார்னிஷ், மெழுகு மட்டும் போடாதேங்கோ, வேர்வை விழுந்தா வழுக்கும். இருபதுக்கு இருபது ஹோல் எண்டா 400 சதுர அடி, எட்டுக்கு நாலு ஷீட் ஒண்டு 32, அப்ப ஒரு அடுக்குக்கு 13, ரெண்டுக்கும் 26 ஷீட். நல்ல தச்சு பாஸ் ஒருத்தர் இருந்தாச் செய்யக்கூடிய வேலை. கொங்கிரீட்டில ஒரு ஆணியும் அடிக்கிறதில்ல, வீடு மாறினா கழட்டிக்கொண்டு போகலாம். கீழ் வீட்டுக்காரர் சத்தம் எண்டு சண்டைக்கு வாறதும் குறையும்.

நான் வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒண்டில இதை என்ர செலவில போடுறன் எண்டு கேட்டன். புது டைல்ஸ், அதுக்கு மேல பலகை போட்டா வடிவு கெட்டுப் போகும் எண்டு மாட்டன் எண்டிட்டினம். அங்க கிழமைக்கு எத்தின பிள்ளையள் வந்து கால் அடிக்குதுகள் எண்டு அவையளுக்குத் தெரியும்.

காசு இல்ல எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஒரு அரங்கேற்றத்துக்கு நாங்கள் லட்சக்கணக்கில அழிக்கிறம். சென்னையில தைச்ச உடுப்பு, டெம்பிள் நகை, மேக்கப், மண்டபம், பக்கவாத்தியம், ட்ரோன் வீடியோ, வந்த ஆக்களுக்குச் சாப்பாடு. அது ஒரு பின்னேரம். அதுக்கு முதல் அந்தப் பிள்ளை வருஷக்கணக்கா அடிச்ச நிலத்துக்கு ஆரும் ஒரு சதம் குடுக்கேல்ல. இருபது பெற்றோர் சேந்து ஒரு ஹோலுக்கு நிலம் போட்டா அதுக்குப் பிறகு வாற எத்தின பிள்ளையளுக்கு உதவும்.

இனிக் கிளாஸ் பாக்கப் போனா உங்கட செருப்பைக் கழட்டிட்டு நடுவில நிண்டு ஒரு சின்னக் குதி குதியுங்கோ. குதிக்கால் சுள்ளெண்டு, சத்தமும் செத்த மாதிரிக் கேட்டா அது கொங்கிரீட், மேல என்ன ஒட்டியிருந்தாலும் சரி. உள்ளுக்க வெறுமையான சத்தம் கேட்டு, நிலம் கொஞ்சம் இறங்கி ஏறுற மாதிரி இருந்தா அங்க சேருங்கோ. அப்படிப் பலகை நிலம் போட்ட கிளாஸ் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் ஆருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கோ, கேட்டு வாற அம்மாமாருக்கு நான் குடுக்கிறன், எங்கட கிளாஸா இல்லாட்டியும் பரவாயில்ல.