பேஞ்சோ மாஸ்டர் எங்கள் வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை மும்பையில் நம் தமிழர் அமைப்பு ஒன்றின் விழாவில் நடந்தது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. அமைப்பின் பெயரையும் எழுதப்போவதில்லை. அதில் நல்லவர்கள் இருக்கிறார்கள், என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. எழுதினால்தான் ஆறும்.

"கணபதி ஊர்வலத்துல பேஞ்சோ வாசிக்கிற பெரியவர் ஒருத்தரும் வந்திருக்கார்." தொகுப்பாளர் சொன்னது இவ்வளவுதான். எனக்குப் பேஞ்சோ சொல்லிக்கொடுத்த மாஸ்டர் மூன்றாவது வரிசையில் இருந்து கைகூப்பி எழுந்தார். பாதி எழும்போதே அடுத்த பெயரைப் படித்துவிட்டார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேடையில் வாசித்துக் கைதட்டல் வாங்கினானே ஒரு பையன், அவன் இவரிடம் 9 வருஷம் கற்றவன். அவன் மைக்கைப் பிடித்து "என் மாஸ்டர்..." என்று ஆரம்பித்ததும் நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு விளம்பரம் கொடுத்தவர் 20 நிமிஷம் பேசினார். அதற்கு நேரம் இருந்தது.

அவர் ஊர்வலத்தில் வாசிக்கிறவர்தான். அதை யாரும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனால் அவர் வாத்தியார். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

பேஞ்சோ என்றதும் சிலர் அமெரிக்கக்காரர்கள் வாசிக்கும் தோல் கட்டிய வட்ட வாத்தியத்தின் படத்தை எனக்கு அனுப்பி, "இதுதான் பேஞ்சோ, உங்க ஆள் வாசிக்கிறது வேற" என்று எழுதியிருக்கிறார்கள். தெரியும் சார். நாங்கள் சொல்வது புல்புல்தாரா. 1912இல் ஜப்பானின் நகோயாவில் கோரோ மொரிடா என்பவர் டைப்ரைட்டர் மாதிரி கீ வைத்துச் செய்த தைஷோகோட்டோ என்ற கம்பி வாத்தியம் கடல் தாண்டி இங்கே வந்து புல்புல் ஆனது. பலூசிஸ்தானில் அதற்கு பென்ஜு என்று பெயர். பம்பாயில் ஒலி வாங்கும் பிக்கப் மாட்டி, ஆம்ப்ளிஃபயரில் சொருகி, கைவண்டியில் ஏற்றி பேஞ்சோ ஆக்கினோம். நீங்கள் படம் அனுப்பிய அந்த அமெரிக்க பேஞ்சோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாத்தியம். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அவர்களைக் கேலி செய்யவே அதை மேடையில் வாசித்த காலம் உண்டு. இன்றைக்கு அது அவர்கள் நாட்டின் பெருமை. வாசித்தவனைத் தள்ளிவைத்து வாத்தியத்தை மட்டும் மேடையேற்றுவது புதிய கதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததும் அதுதான்.

மாஸ்டர் லால்பாக் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தறிக்கூடத்தில் பக்கத்தில் நின்ற மராட்டிக்காரர் ஒருவரிடம்தான் கற்றார், கணபதி ஒத்திகைகளில், ஷிஃப்ட் முடிந்த பிறகு. 1982 ஜனவரி 18இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் தொழிலாளர்கள் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மில்லுக்குத் திரும்பாதவர்களில் இவர் ஒருவர். அதன்பிறகு சோறு போட்டது பேஞ்சோ. கணபதி, தஹி ஹண்டி, நவராத்திரி, கல்யாண மஞ்சள் சடங்கு, எந்தச் சுபாரி (வாசிக்கக் கூப்பிடும் வேலை) வந்தாலும் போவார். சுபாரி இல்லாத நாளில் தாராவியில் தன் கோலியில், அந்தச் சின்ன அறை வீட்டில், எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மாதம் 30 ரூபாய். கொடுக்க முடியாதவன் கொடுக்கவேண்டாம். யார் கொடுத்தான், யார் கொடுக்கவில்லை என்று எங்களுக்குள் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு கவனமாக இருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு 11 வயது. முதல் நாள் பேஞ்சோவை மடியில் வைத்தார். நடு ஸ்தாயியின் ஏழு கீயிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் ஸ ரி க ம ப த நி என்று எழுதியிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம், பார்த்துப் பார்த்து அழுத்தலாமே. அடுத்த வாரம் போனால் 'ஸ'வைக் காணோம். உரித்துவிட்டார். "ஸ எங்க இருக்குன்னு தெரியாதவன் சொந்த வீட்டு வாசல் தெரியாதவன்ல" என்றார். அதற்கடுத்த வாரம் 'ப' போனது. வாரம் ஒரு எழுத்து. ஏழு வாரம் கழித்து கீயெல்லாம் மொட்டையாக நின்றது, என் விரல் தானாகப் போனது. உரித்த துண்டுகளை அவர் எறியவில்லை. கோலிக் கதவின் உட்பக்கம் வரிசையாக ஒட்டிவைத்தார், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை. இதை எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் செய்யவில்லை. பிள்ளைக்கு எது எப்போது தேவைப்படாமல் போகும் என்று தெரிந்திருந்தது. வாத்தியார் என்றால் வேறு என்ன?

தாளம் சொல்லிக்கொடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். உட்கார்ந்து தொடையில் தட்டச் சொல்லமாட்டார். பேஞ்சோவை பெல்ட் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு, 90 அடி ரோட்டில் நடக்கச் சொல்வார். காலடிக்கு ஒரு ஸ்வரம். பிறகு காலடிக்கு இரண்டு, பிறகு நாலு. காய்கறி வண்டி குறுக்கே வரும், பைக்கில் வருகிறவன் ஹாரன் அடிப்பான், கால் நிற்கும், ஆனால் கை நிற்கக்கூடாது. "நடைன்னு எதுக்குப் பேர் வச்சான்? நடக்கத்தாம்ல" என்பார். நாலு நாலாக எண்ணும் சதுஸ்ர நடையும் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையும் என் காலுக்குத்தான் முதலில் தெரியும். இப்போது ஆபீஸ் போக சயான் ஸ்டேஷன் படி ஏறும்போதும் கால் எண்ணுகிறது.

மழைக்காலத்தில் கம்பி துருப்பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கம்பி கம்பியாகத் துடைக்கச் சொல்வார். துடைக்காமல் வந்தவனுக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது. அடிக்கமாட்டார், திட்டமாட்டார். துணியை மட்டும் கையில் கொடுப்பார்.

இப்போது எதிர்ப்புகளுக்கு வருகிறேன். நேற்றிலிருந்து இன்பாக்ஸ் நிறைந்திருக்கிறது.

"ஊர்வல பேஞ்சோ சத்தம், முதியவர்கள் தூங்கமுடியவில்லை." ஒப்புக்கொள்கிறேன். என் அம்மாவுக்கே இதய நோய் உண்டு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதை மீறுகிற மண்டல் (கணபதி விழாக் குழு) மீது புகார் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சுவர் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கும் டிஜே வேறு, பேஞ்சோ வேறு. ஒன்றின் கோபத்தை இன்னொன்றின் மேல் காட்டாதீர்கள்.

"விழாவில் நேரம் இல்லை." இதற்குப் பதில் மேலேயே எழுதிவிட்டேன்.

"பேஞ்சோவில் கமகம் வராது, அதனால் அது சங்கீத வாத்தியம் ஆகாது, அதைச் சொல்லிக்கொடுப்பவரை குரு என்று சொல்வது அதிகம்." இதை எழுதியவர் நன்றாகப் பாடுபவர். மரியாதையோடுதான் பதில் சொல்கிறேன். கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து, வளைத்துக் கொடுப்பது. கீயை அழுத்தினால் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்கும், உண்மை. அழுத்திய விரலை மாஸ்டர் இன்னும் ஒரு பொட்டு அமுக்குவார். கம்பி இறுகும், ஸ்வரம் மயிரிழை ஏறும். விட்டால் இறங்கும். அதுபோதாது என்று முதலில் சொன்னவரே அவர்தான். "முழுசா வராதுல. வரும்னு யார்ட்டயும் பொய் சொல்லாத. வர்றத சுத்தமா வாசி." தன் வாத்தியத்தின் குறையைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்ன மனுஷன். ஸரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற கர்நாடக சங்கீத ஆரம்பப் பாடங்கள் எல்லாம் எங்களுக்கு அவரிடம்தான் பாடம். பக்கத்து சாலில் (வரிசைக் குடியிருப்பில்) இருந்த நாதஸ்வரக்காரரிடம் தானே போய்க் கேட்டு எழுதிவந்து சொல்லிக்கொடுத்தார், நாற்பது வயதுக்கு மேல்.

ஹார்மோனியத்தை 1940இல் ஆல் இந்தியா ரேடியோ தடை செய்தது. தடை தளர 1971 வரை ஆனது. வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம், பாலுசாமி தீட்சிதர் கையில் எடுத்தார், இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை ஸ்ரீனிவாஸ் 1998இல் பத்மஸ்ரீ வாங்கினார். பேஞ்சோவும் அங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகலாம். வாத்தியத்துக்கு சபையில் இடம் கொடுக்கிறீர்களா இல்லையா என்பது வேறு வழக்கு. அதைச் சொல்லிக்கொடுக்க நாற்பது வருஷம் ஒரு மனுஷன் உட்கார்ந்தாரே, அவர் வாத்தியாரா இல்லையா என்பதுதான் நான் கேட்பது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதற்குமேல் நியாயமாகப் பேசிக்கொண்டிருக்க முடியவில்லை. சபாக்காரர்களின் மாட்டுங்காவில் கற்றால் சங்கீதம், தாராவியில் கற்றால் ஊர்வல பேஞ்சோ பார்ட்டி. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதை, நடந்தால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நம் தமிழர்கள் இந்த ஊரில் எத்தனை தலைமுறையாகக் கடக்காமல் இருக்கிறார்கள்? "பேஞ்சோ பார்ட்டிக்காரருக்கு எதுக்கு சால்வை" என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை நாலு போட்டவருக்குச் சொல்கிறேன்: சால்வையை அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவர் வீட்டில் சால்வை வைக்க அலமாரி கூட இல்லை.

1993 ஜனவரியில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு எங்கள் கல்லியில், சந்தில், யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. மாஸ்டர் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். முஸ்லிம் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பையன்களை, அவர்கள் அம்மாவிடம் பேசி, தானே கையைப் பிடித்து அழைத்துவந்தார். திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவரே. அந்த வாரம் வகுப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரே பாடம், ஆரம்பப் பாட ராகமான மாயாமாளவகௌளை. ஸ ரி க ம, ஸ ரி க ம, இருட்டும்வரை. அதைப் பார்த்தவன் நான். அந்த மனுஷனைத்தான் "வாசிக்கிற பெரியவர் ஒருத்தர்" என்றார்கள்.

இதில் என் பங்கும் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தப் பதிவு பொய். கல்லூரியில் சேர்ந்த வருஷம், கிர்காவ் கடற்கரைக்குப் போகும் கணபதி ஊர்வலத்தில் மாஸ்டர் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். நடைபாதையில் என் வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள். நான் பேஞ்சோவைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் பகுதியையும் சேர்த்து அவரே வாசித்தார். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. 6 வருஷம் போகவில்லை. நானே ஒருகாலத்தில் அவரை மறைத்தவன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் பாதி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

"உங்க மாஸ்டரே வருத்தப்படலை, உங்களுக்கு என்ன" என்று கேட்கிறார்கள். அவர் வருத்தப்படவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? விழா முடிந்து நான் அவரை டாக்ஸியில் கூட்டிவந்தேன். வழி முழுக்க அவர் கை வேட்டி முனையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது. "பையன் நிஷாதத்துல கொஞ்சம் கீழ நின்னான், கவனிச்சியா" என்று மட்டும் கேட்டார், 'நி' ஸ்வரத்தைச் சொல்கிறார். நான் கவனிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் கோலிக்குப் போனேன். நாலு பிள்ளைகள் இருந்தார்கள். கதவின் வெளிப்பக்கம் மறுசீரமைப்பு சர்வேக்காரர்கள் பெயின்டில் எழுதிப்போன எண். உள்ளே முகுந்த் நகரிலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் பேஞ்சோவில் 'த', அதாவது தைவதம், ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மாஸ்டர் அவளையே உரிக்கச் சொன்னார். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். அவர் அதை வாங்கிக் கதவில் இடம் தேடினார். இப்போது குனிந்துதான் ஒட்டவேண்டியிருக்கிறது, மேலெல்லாம் நிறைந்துவிட்டது. என் வரிசை மேலே இருக்கிறது, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில். மை வெளுத்துவிட்டது. 'ப' மட்டும் இன்னும் தெரிகிறது.

அவள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள். தைவதம் சரியாக விழுந்தது.