மூணாவது வாரம் குவிஸ், நாலாவது வாரம் போன்

தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வீட்டு அக்காவின் மகள், பி.எஸ்சி. கடைசி வருஷம். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆறு வார இலவச ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தாள். அவளுக்கென்று போன் கிடையாது. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு ராத்திரி வந்து படுத்த பிறகு அவர் போனில்தான் பாடம், காலையில் அவர் கிளம்புவதற்குள் சார்ஜ் போட்டு வைத்துவிட வேண்டும். மூன்றாவது வாரக் குவிஸில் நல்ல மார்க். நாலே நாளில், எண்ணூர் விரைவு சாலையில் லாரி வரிசையில் காத்துக்கிடந்தவருக்கு அழைப்பு வருகிறது: “வாழ்த்துகள் சார், உங்க பொண்ணு எங்க மாஸ்டர்ஸுக்கு ரொம்பப் பொருத்தம்.” லோன் கம்பெனி என்று நினைத்து கட் பண்ணிவிட்டார். அவர் நினைத்ததும் தப்பில்லை, நாலாவது அழைப்பில் பேச்சு எஜுகேஷன் லோனில்தான் வந்து நின்றது.

இலவசம் என்றாலே தூண்டில் என்று சொல்கிற கட்சி இல்லை நான். மே மாதம் பேப்பரைத் திறந்தால் முழுப் பக்கத்துக்கு ஒரு தாளாளர் சிரிக்கிறார், அந்தக் காசில் நாலு பேருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தால் நல்லதுதானே.

2012-ல் ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தைத் தொடங்கின. முதல் வருஷம் இரண்டும் நடத்திய 17 கோர்ஸ்களுக்கு 8,41,687 பதிவுகள், சான்றிதழ் வாங்கியது 43,196. யாருமே முடிக்கவில்லை, தோல்வி என்றார்கள். ஆள் பிடிக்கிறவர் கண்ணால் பாருங்கள்: ராத்திரி கண் விழித்துக் கடைசிவரை வந்தவர்களின் பட்டியல், மெயில் ஐடியோடு! பல்கலைக்கழகங்களுக்கு ஆன்லைன் பட்டப்படிப்பு நடத்தித்தரும் 2யூ என்ற கம்பெனி, 2021-ல் அந்த எட்எக்ஸை 80 கோடி டாலருக்கு வாங்கியது சும்மா இல்லை.

என் கோபம் வேறு. பிள்ளையின் மார்க் தெரிகிறது, அப்பா நம்பர் தெரிகிறது, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் “கவுன்சிலிங்ல பேசலாம்.” சரி, அந்தக் கோர்ஸ் முடித்ததற்கு மாஸ்டர்ஸில் ஏதாவது கழித்துக்கொள்வார்களா? ஒன்றும் கிடையாது. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. எம்ஐடி சப்ளை செயின் படிப்பில் ஆன்லைனில் தேறியவர்கள் விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் ஒரு செமஸ்டர் மட்டும் அங்கே போய்ப் படித்து முதுகலை வாங்கலாம். நம் ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் ஜேஇஇ வேண்டாம், நாலு வாரம் படி, நேரில் வந்து பரீட்சை எழுது, தேறினால் சீட். (நுழைவுக்கும் ஃபீஸ் உண்டு, ஆனால் அதை முதலிலேயே போட்டிருக்கிறார்கள்.) அங்கே படித்த பாடத்துக்கு மதிப்பு இருக்கிறது. இங்கே போன் நம்பருக்குத்தான் மதிப்பு.

கோர்ஸை அவள் முடித்துவிட்டாள், சான்றிதழுக்குப் பணம் கேட்டதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாள். படிக்கிறதை விடாதே, அப்பா நம்பரை மட்டும் கொடுக்காதே என்று சொல்லியிருந்தேன். அடுத்த கோர்ஸில் சேரும்போது என் நம்பரைப் போட்டிருக்கிறாள். நேற்றிலிருந்து எனக்கு மூன்று மிஸ்டு கால்.