பிகிலா டோக்கியோல வெறுங்கால்ல ஓடல

எத்தியோப்பிய ஓட்டக்காரர் அபேபே பிகிலா ரெண்டு ஒலிம்பிக் மாரத்தானையும் வெறுங்கால்ல ஓடியே ஜெயிச்சாரு, அதனால ஓடுறதுக்கு ஷூவே வேணாம்னு ஒருத்தர் போஸ்ட் போட்டிருக்காரு. பாதி சரிதாங்க. 1960 ரோம்ல வெறுங்கால்தான், 2 மணி 15 நிமிஷம் 16 செகண்ட், அப்போ அது உலக சாதனை. ஆனா 1964 டோக்கியோல ஷூ, சாக்ஸ் எல்லாம் போட்டுத்தான் ஓடினாரு, 2 மணி 12 நிமிஷம் 11 செகண்ட், அதுவும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம்கூட ஆகல, மனுஷன் வேற லெவல். ஷூவாலதான் வேகம் கூடுச்சுன்னு நான் சொல்ல வரல, ரூட்டே வேற. நம்பலன்னா யூடியூப்ல டோக்கியோ 1964 மாரத்தான்னு தேடிப் பாருங்க, கால்ல வெள்ளை ஷூ நல்லாவே தெரியும், டைமிங் ஒலிம்பிக் வெப்சைட்ல ரிசல்ட்லயே இருக்கு.